தூங்காத பிள்ளைக்கு மெமோ எதற்கு?

ஒன்றரை வயதுப் பிள்ளை மத்தியானம் தூங்க மறுத்தால், அதை ஒரு குற்றமாகவே நம் வயதுக்காரர்கள் பலர் பார்க்கிறார்கள். ‘அடம்’, ‘பிடிவாதம்’, ‘தாய் வளர்த்த லட்சணம்’ என்று தீர்ப்பும் உடனே வந்துவிடும். அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளியவன் நான். விளக்கம் கேட்காமல் யாரையும் தண்டிக்கக் கூடாது என்பது அங்கே பாலபாடம். ஆகவே அந்தப் பிள்ளைக்காகவும் அதன் தாய்க்காகவும் இன்று வாதாடப் போகிறேன். கோபம் வருகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

முதலில் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி, 1 முதல் 2 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். 3, 4 வயதில் 10 முதல் 13 மணி. இது இரவும் பகலும் சேர்த்து. காலையில் ஒன்பது மணிவரை தூங்கவிட்டு, ஒரு மணிக்கே மறுபடி ‘கண்ணை மூடு’ என்றால் எங்கிருந்து வரும் தூக்கம்? மூன்று வயதுக்குமேல் பகல் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே விட்டுப்போகும். ஐந்து வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தேவைப்படாது. இதில் அடம் எங்கே இருக்கிறது?

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். மதியத் தூக்கத்துக்கு அந்த மொழியில் ‘சியெஸ்த்’ என்று பெயர். லத்தீனில் ‘ஆறாவது மணி’ என்பதிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்த சொல். சூரியன் உதித்து ஆறாவது மணி, அதாவது உச்சிப்பொழுது. அந்தச் சொல்லில் நேரம் இருக்கிறது, கட்டளை இல்லை. நம் ‘தாலாட்டு’ம் அப்படித்தான். தால் என்றால் நாக்கு. பெரியவர்கள் தங்கள் நாக்கை ஆட்டிப் பாட வேண்டும் என்றுதான் பொருளே தவிர, பிள்ளையை உருட்டி மிரட்ட வேண்டும் என்பதல்ல. பூச்சாண்டியும் போலீஸ்காரரும் தாலாட்டில் எப்போது சேர்ந்தார்கள்?

சரி, நம் பக்கத்தில் மட்டும் இந்தத் தூக்கத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம்? விடை நம் ஊர்ப் பிழைப்பில் இருக்கிறது. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டிலேயே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. கையில் ஊசி, மடியில் தோல், பக்கத்தில் தவழ்ந்தும் நடந்தும் வரும் பிள்ளை. அது தூங்கினால்தான் அவள் ஊசியைத் தொட முடியும். அந்த இரண்டு மணி நேரம் போனால் அன்றைய கூலியில் பாதி போச்சு. அவள் அதட்டுவது கோபத்தில் அல்ல, வயிற்றுப்பாட்டில்.

‘சட்டம் இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேர் வேலை செய்தாலே காப்பகம் வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றார்கள். நல்ல எழுத்துதான். ஆனால் அதெல்லாம் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடும். திண்ணையில் உட்கார்ந்து தைப்பவளை அது எட்டுவதில்லை. அங்கன்வாடியில் விடலாமென்றால், இரண்டு வயது நிரம்ப வேண்டும். ஒன்றரை வயதுப் பிள்ளை எந்தக் கோப்பிலும் இல்லை.

இந்த இடைவெளியில்தான் மருந்து பாட்டில் நுழைகிறது. ‘சளி மருந்து அரை மூடி ஊற்று, மூன்று மணி நேரம் அசையாது’ என்று யோசனை சொல்பவர்கள் பெரும்பாலும் நம் வயதுக்காரர்களே. இது புதிய தந்திரமும் அல்ல. நூறு வருஷத்துக்கு முன் பம்பாய்ப் பஞ்சாலைத் தாய்மார்கள் பிள்ளைக்கு அபின் உருண்டை கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். அதற்கும் முன்பே இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் ‘காட்ஃப்ரீஸ் கார்டியல்’ என்று அபின் கலந்த திரவம் விற்றது. எழுந்திருக்காத பிள்ளைகள் உண்டு. ஆலை மாறியது, பாட்டில் மாறவில்லை.

சளி மருந்தில் தூக்கம் வருவது அதன் பக்கவிளைவு. சளிக்கு வழக்கமாகக் கொடுக்கும் குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கலவையை நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தரக்கூடாது என்று பாட்டிலில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. புரோமெத்தசின் என்ற மருந்து இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் மூச்சையே நிறுத்திவிடக் கூடியது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் பிள்ளைகளைக் கொன்ற இருமல் மருந்து நம் பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அங்கே கொன்றது அதில் கலந்திருந்த வேறு விஷம். ஆனாலும் நோயில்லாத பிள்ளையின் வாயில் மருந்தை ஊற்றுகிறவருக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டுமா?

‘அப்படியானால் வழி சொல்லும்’ என்பீர்கள். காலையில் சீக்கிரம் எழுப்புங்கள். முற்பகலில் ஓடவிட்டு, நேரத்தோடு சோறு ஊட்டுங்கள். தகரக் கூரையின் கீழே பெரியவர்களே புரளும் வெயில் இது. ஈரத்துணி தொங்கவிட்டு, டிவியை அணைத்து, தினமும் ஒரே நேரத்தில் பக்கத்தில் படுங்கள். முக்கால் மணியில் தூங்காவிட்டால் விட்டுவிடுங்கள். சும்மா படுத்திருந்ததும் ஓய்வுதான். ராத்திரி அரை மணி முன்னதாகப் படுக்க வைத்தால் கணக்கு நேராகிவிடும்.

அந்த நேரத்தில் தாய் தைக்க வேண்டுமே? அதற்குத்தான் பென்ஷன் வாங்கிக்கொண்டு சாய்வு நாற்காலியில் நாம் இருக்கிறோம். தூங்காத பேரப்பிள்ளையை இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வயதுக்கும் காப்பகம் வேண்டுமென்று கிராமசபையில் எழுந்து கேளுங்கள், மனு எழுதுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள், வாழ்நாள் முழுக்க நான் செய்த வேலை அதுதான். மருமகளுக்கு யோசனை சொல்வதை மட்டும் நிறுத்திவிடுங்கள்.