எழும்பாத கணினிக்கு 'போர்மட்'தான் மருந்தா?

கல்முனைப் பக்கத்துக் கணினி திருத்தும் கடைகளில் அதிகம் புழங்கும் சொல் எதுவென்று என்னைக் கேட்டால், 'போர்மட்' என்பதே என் விடை. வைரஸ் புகுந்தாலும் போர்மட், வேகம் குறைந்தாலும் போர்மட், புதிதாக ஓர் இயங்குதளத்தை நிறுவிய பின்னர் திரை கறுப்பாகவே கிடந்தாலும் போர்மட். முதலிரண்டையும் விட்டுவிடுவோம். மூன்றாவதற்கு இந்த மருந்தைக் கொடுப்பது அநியாயம் என்பதே என் கட்சி.

இந்தப் பேச்சுக்கு இப்போது தேவை வந்திருக்கிறது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு முடிவுற்றது. அடுத்ததான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய செயலிகளையும் கேட்கிறது. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் இன்னும் பத்தாண்டுகள் உழைக்கக்கூடிய எத்தனையோ மடிக்கணினிகள் இந்த ஒரு நிபந்தனையால் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டன. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் ஒன்று 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாய் வரை ஏறிய நாட்டில், புதிய கணினி வாங்கு என்று யாருக்கும் இலகுவாகச் சொல்லிவிட முடியாது. ஆகவே வீட்டிலுள்ள இளையவர்கள் பழைய கணினியில் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவற்றை நிறுவுகிறார்கள். நல்ல காரியம். (லினக்ஸ் நமக்கு எதற்கு என்போருக்கு ஒரு நினைவூட்டல்: இந்தக் கரையைச் சூறையாடிய 2004 சுனாமியின் பின், நிவாரண வேலைகளுக்கென 'சஹானா' என்ற கட்டற்ற மென்பொருளை ஆக்கியவர்கள் நம் நாட்டுத் தொண்டர்களே.)

சிக்கல், நிறுவி முடித்து மீண்டும் இயக்கும் கணத்தில் வருகிறது.

மருதமுனையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பதினைந்து ஆண்டுகளாக அவர் சேகரித்தவை அத்தனையும் ஒரு மடிக்கணினியில் இருந்தன. கைத்தறிக்காரர்களின் தொழிற்சொற்கள், முதிய பெண்கள் சொல்லக் கேட்டு எழுதிய கவிகள், சுனாமியில் மறைந்தோரின் பெயர்கள், அவர்களது உறவுமுறைகள் என எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. கடற்கரையோர வீடுகளில் அலமாரிகளோடு அள்ளுண்டுபோன கடதாசிகளுக்குப் பதிலாக ஒரு மனிதர் தனியாக இருந்து கட்டியெழுப்பிய ஞாபகம் அது. மருமகன் புதிய லினக்ஸை நிறுவினார். மறுபடி இயக்கியபோது 'கிரப் ரெஸ்கியூ' என்ற இரு சொற்களும் ஒரு துடிக்கும் கோடும் மட்டுமே திரையில் தெரிந்தன. கடைக்குக் கொண்டு போனார்கள். "ஒண்டும் செய்ய ஏலா சேர், போர்மட் அடிச்சாத்தான் எழும்பும்" என்றார் அங்கிருந்த தம்பி. அவர் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்லவில்லை. அவருக்குக் கற்பிக்கப்பட்டது அதுவே.

உண்மையில் அந்தக் கணினிக்குள் எதுவும் அழிந்திருக்கவில்லை. கொழும்பில் அச்சான பத்திரிகைக் கட்டு இரவு பஸ்ஸில் கல்முனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டின் மேல் ஒட்டிய விலாசச் சீட்டு கிழிந்துபோனால் கட்டு எந்த முகவரிடம் போவதென்று தெரியாமல் தரிப்பிடத்திலேயே கிடக்கும். உள்ளே பத்திரிகையின் ஓர் எழுத்துக்கூடக் கெடாது. சீட்டைத் திரும்ப எழுதி ஒட்டுவதை விட்டுவிட்டு, கட்டையே கடலில் போடு என்பவரை என்னவென்பது?

கணினியில் அந்தச் சீட்டின் பெயர் பூட்லோடர். மின்னூட்டியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் உறையும் பயோஸ். பழைய முறையில் அது வன்தட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் வாசிக்கும். அதிலும் நிரலுக்கென்று ஒதுக்கப்பட்டது 446 பைட்டுகளே. மீதியில் வட்டின் பிரிவுகளைச் சொல்லும் அட்டவணை இருக்கும். அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு பூட்லோடர் முழுவதும் அடங்காது. ஆகவே முதற்துண்டு தன்னைத் தொடர்ந்திருக்கும் இரண்டாம் துண்டை எழுப்புகிறது. அது லினக்ஸ் இருக்கும் பிரிவுக்குள் சென்று மீதியைத் தேடுகிறது. லினக்ஸில் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்வது 1995இல் தொடங்கப்பட்ட 'கிரப்'. தேடிப்போன பிரிவு அங்கில்லையென்றால் அது மேலே செல்ல வழியின்றி, என்னைக் காப்பாற்றுங்கள் என்ற நிலையில் நின்றுவிடும். 'கிரப் ரெஸ்கியூ' என்பது அந்த நிலைதான். அதை வட்டின் மரண அறிவித்தலாக வாசிக்கக்கூடாது.

ஆசிரியரின் கணினியில் முன்னரே ஒரு பழைய லினக்ஸ் இருந்திருக்கிறது. மருமகன் அந்தப் பிரிவை அழித்து, வட்டைப் புதிதாகப் பிரித்து நிறுவியிருக்கிறார். புதிய பூட்லோடரோ வன்தட்டில் பதியாமல், நிறுவப் பயன்பட்ட பென்ட்ரைவிலேயே பதிந்துவிட்டது. வட்டின் முகப்பில் எஞ்சியிருந்த பழைய கிரப், இடித்துவிட்ட வீட்டின் கதவைத் தேடிக்கொண்டிருந்தது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த உறவுக்கார இளைஞர் ஒருவர் வந்து, லினக்ஸைப் பென்ட்ரைவிலிருந்தே இயக்கினார். முதற்காரியமாக ஆசிரியரின் கோப்புகளை வேறொரு வட்டுக்குப் பிரதி எடுத்தார். இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். பழுதுபார்ப்பு அதன் பிறகுதான். பின்னர் லினக்ஸ் இருக்கும் பிரிவைத் திறந்து, கிரப்பை வன்தட்டில் மீள நிறுவி, பட்டியலைப் புதுப்பித்தார். நேரம் அதிகம் எடுத்தது பிரதி எடுப்பதற்கே. பழுதைத் தீர்த்தவை இரண்டு கட்டளைகள்.

ஓரளவு புதிய கணினிகளில் விவகாரம் சற்று வேறு. அவற்றில் பயோஸின் இடத்தை யுஈஎஃப்ஐ பிடித்துக்கொண்டது. பூட்லோடர் ஒரு சிறு தனிப் பிரிவில் சாதாரணக் கோப்பாகவே இருக்கிறது. விண்டோஸ் இந்தப் புதிய முறையில் நிறுவப்பட்டிருக்க, பென்ட்ரைவைப் பழைய முறையில் இயக்கி லினக்ஸை நிறுவினால் ஒன்று மற்றதைக் காணாது. லினக்ஸ் வரவே இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். வந்து உள்ளேதான் இருக்கும்.

இதற்கு மேல் 'செக்கியூர் பூட்' என்றொரு பூட்டு. கையொப்பமிடப்பட்ட பூட்லோடரை மட்டுமே உள்ளே விடும் காவல் இது. நோக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பெரும்பாலான கணினிகளில் நம்பப்படும் கையொப்பம் மைக்ரோசொப்டினுடையது. லினக்ஸ்காரர்களும் அந்த நிறுவனத்திடம் ஒப்பம் பெற்றே நுழைகிறார்கள். இதன் விளைவை 2024 ஓகஸ்டில் உலகம் பார்த்தது. குறைபாடுள்ள பழைய பூட்லோடர்களைத் தடுக்கவென்று விண்டோஸுக்கு வந்த புதுப்பிப்பு ஒன்று, இரு இயங்குதளங்களையும் ஒன்றாக வைத்திருந்த பலரது லினக்ஸை எழும்பவிடாமல் செய்தது. அத்தகைய கணினிகளை இது பாதிக்காது என்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. 'ஏதோ பாரதூரமாகப் பிழைத்துவிட்டது' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி திரையில் தோன்றியது. நிலையான தீர்வு 2025 மேயில்தான் வந்தது. காசு கொடுத்து வாங்கிய கணினியின் வாசற்கதவை, எங்கோ இருக்கும் ஒருவர் உரிமையாளரைக் கேளாமலே சாத்திவிட முடிகிறது. இதை வெறும் தொழில்நுட்பக் கோளாறு என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

அந்த வேளையிலும் தேவைப்பட்டது போர்மட் அல்ல. பூட்டைச் சிறிது நேரம் தளர்த்தி, லினக்ஸுக்குள் நுழைந்து சரிசெய்தால் போதுமாயிருந்தது. ஓர் எச்சரிக்கை மட்டும்: விண்டோஸில் பிட்லொக்கர் இயங்கினால், செக்கியூர் பூட்டில் கை வைப்பதற்கு முன் அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் லினக்ஸைத் தேடப்போய் விண்டோஸையும் தொலைக்க நேரிடும்.

கடைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. போர்மட்டுக்கு நிலையான கூலி, தெரிந்த நேரம். நோயைக் கண்டறிய எவ்வளவு நேரமாகும் என்று யாருக்குத் தெரியும்? கண்டறிந்து இரண்டு கட்டளையில் தீர்த்தால், "இதற்கா இவ்வளவு காசு?" என்று கேட்கும் வாடிக்கையாளர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். நம் ஊர்களில் முளைத்திருக்கும் கணினி வகுப்புகளும் வேர்ட், பவர்பொயின்ட் தாண்டி, மின்னூட்டியதிலிருந்து திரை விரியும் வரை என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரு பிற்பகல் போதும் அதற்கு.

கடைக்குக் கொண்டுபோவோர் ஒன்றை மட்டும் உறுதியாகக் கேட்கலாம்: வட்டில் எதையும் எழுதுமுன் உள்ளிருப்பதைப் பிரதி எடுத்துத் தருவீர்களா? இயலாது என்றால் கணினியை மூடிக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். எடுத்துத் தருபவர் போர்மட்டுக்குரிய கூலியைப்போல் இரு மடங்கு கேட்டாலும் நான் பேரம் பேசமாட்டேன்.