சரக்கு நிறைந்த கடை திவால் ஆவது ஏன்?

அமெரிக்காவில் "டாய்ஸ் ஆர் அஸ்" என்று ஒரு பொம்மைக் கம்பெனி இருந்தது. நாடு முழுவதும் அதற்குக் கடைகள். கடை நிறையப் பொம்மைகள். கிறிஸ்துமஸ் வந்தால் கூட்டம் அலைமோதும்.

அந்தக் கம்பெனி 2017-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி கோர்ட்டில் திவால் மனு கொடுத்தது. 2018 ஜூன் மாதக் கடைசியில் அமெரிக்காவில் இருந்த அதன் கடைகள் எல்லாம் மூடப்பட்டுவிட்டன. 30 ஆயிரம் பேருக்கு மேல் வேலை போயிற்று.

சரக்கு நிறைய இருந்ததே! பின் ஏன் இந்தக் கதி?

சின்னக் கணக்கு

ஒரு கம்பெனி உடனடிக் கடனைக் கட்டுமா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. அதன் பெயர் "நடப்பு விகிதம்".

கையில் உள்ள ரொக்கம், வரவேண்டிய பாக்கி, விற்க வைத்திருக்கும் சரக்கு ஆகியவை ஒரு வருடத்துக்குள் காசாகும். இவற்றைக் கூட்டுங்கள். இது நடப்புச் சொத்து.

சரக்கு கொடுத்தவர்களின் பாக்கி, சம்பளம், வரி, கடன் தவணை ஆகியவற்றை ஒரு வருடத்துக்குள் கட்டவேண்டும். இது நடப்புக் கடன்.

சொத்தைக் கடனால் வகுத்தால் வருவதுதான் விகிதம். சொத்து 200 ரூபாய், கடன் 100 ரூபாய் என்றால் விகிதம் 2. "2 இருந்தால் நல்லது" என்பார்கள். 1-க்குக் குறைந்தால், இருப்பதைவிடக் கட்டவேண்டியது அதிகம்.

வால்மார்ட் எப்படி?

வால்மார்ட் கம்பெனியைப் பாருங்கள். 2024 ஜனவரி 31-ந் தேதி அதன் நடப்புச் சொத்து சுமார் 7,688 கோடி டாலர். நடப்புக் கடன் சுமார் 9,242 கோடி டாலர். விகிதம் 0.83 தான்! ஆனாலும் அது திவால் ஆகவில்லை.

காரணம் என்ன? அது சரக்கைக் கடனுக்கு வாங்குகிறது. வாடிக்கைக்காரர்களுக்கு ரொக்கத்துக்கு விற்கிறது. பாக்கி கட்டும் நாள் வருவதற்குள் சரக்கில் பெரும்பகுதி விற்றுக் காசாகிவிடுகிறது.

நம்பிக்கை போயிற்று

பொம்மைக் கம்பெனிக்குச் சுமார் 500 கோடி டாலர் கடன் இருந்தது. வட்டி மட்டுமே வருடத்துக்குச் சுமார் 40 கோடி டாலர்! 2017 செப்டம்பர் முதல் வாரத்தில், "திவால் ஆகலாம்" என்ற செய்தி வெளிவந்தது. சரக்கு கொடுப்பவர்கள் பயந்துபோனார்கள். 100 பேரில் சுமார் 40 பேர், "ரொக்கம் கொடுத்தால்தான் சரக்கு" என்று சொல்லிவிட்டார்கள்.

கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குச் சரக்குப் பிடிக்கவேண்டிய நேரம் அது. அவ்வளவு ரொக்கத்துக்கு எங்கே போவது?

மூன்று கேள்விகள்

விகிதம் ஒரு நாள் நிலைமையைத்தான் காட்டும். நாளைக்குச் சரக்கு கொடுப்பவர் கைவிடுவாரா என்று அது சொல்லாது. விற்காமல் தூங்கும் சரக்கும் சொத்து என்றே கணக்கில் நிற்கும்.

ஆகவே, ஒரு கடைக் கம்பெனியின் பங்கை வாங்குமுன் இந்த மூன்றையும் கேளுங்கள்:

1. விகிதம் வருடா வருடம் ஏறுகிறதா, இறங்குகிறதா?

2. சரக்கைக் கழித்துவிட்டால் சொத்தில் மிச்சம் எவ்வளவு?

3. சரக்கு எத்தனை நாளில் விற்கிறது? பாக்கி கட்ட எத்தனை நாள் தவணை?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். சரக்கு காசாகும் நாள் முந்தினால் கடை பிழைக்கும். கடன்காரர் வரும் நாள் முந்தினால் கடை நிறையச் சரக்கு இருந்தும் பயன் இல்லை.