கவுண்ட் பார்த்தா போதுமா சாமி?

டெங்கு வந்து வந்து, எங்க வண்ணாரப்பேட்டைல பொட்டிக்கடை அண்ணாச்சிக்குக் கூட பிளேட்லெட் கவுண்ட் அத்துப்படி. "ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கா? கவலைப்படாத தம்பி"ன்னு அவரே ரிசல்ட் சொல்லி, பப்பாளி இலைச் சாறும் சிபாரிசு பண்ணுவார். நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்ல. ஆனாலும் சொல்றேன் மக்களே, இதய ஆபரேஷன்ல இந்தக் கவுண்ட் நம்பிக்கை காலை வாரிடும்.

கவுண்ட்ங்கிறது வெறும் அட்டெண்டன்ஸ். எங்க ஆபீஸ்லயும் தினம் எல்லாரும் ஆஜர்தான், ஆணி புடுங்குறவன் எத்தனை பேர்? :-) ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் பிளேட்லெட்டைக் கொல்றதில்ல, ஒண்ணோட ஒண்ணு ஒட்ட விடாமப் பண்ணுது. அதுக்கு நியூக்ளியஸ் கிடையாது, தன்னைத் தானே ரிப்பேர் பண்ணிக்காது. அதோட 7-10 நாள் ஆயுசு முடிஞ்சு புதுசு வந்தாத்தான் உண்டு. கவுண்ட் ரெண்டு லட்சம் காட்டும், ரத்தம் நிக்காது.

2023-ல ஆரம்பிச்ச 'இதயம் காப்போம்' திட்டத்துல, நெஞ்சுவலின்னு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர்றவங்களுக்கு இந்த ரெண்டையும் அடோர்வாஸ்டாடினையும் உடனே கொடுக்குறாங்க. உயிர் காக்குற திட்டம், அதுல குறையே சொல்லல. ஆனா ஆஞ்சியோ பார்த்துட்டு, ஸ்டென்ட் சரிப்படாது பைபாஸ்தான்னு சிலருக்குச் சொல்லுவாங்க. அவசரம் இல்லேன்னா பொதுவா விதி என்ன? குளோபிடோக்ரலை நிறுத்திட்டு 5 நாள் காத்திரு.

எல்லாருக்கும் ஒரே 5 நாளா? அந்த மாத்திரை கல்லீரல்ல மாறினாத்தான் வேலை செய்யும். மாத்துற என்சைம் பிறவியிலேயே மந்தமா இருக்குறவங்க நம்ம நாட்டுல கணிசம். அவருக்கு மாத்திரை சரியா ஏறியே இருக்காது, ஆனா பெட்ல படுத்து நாளை எண்ணணும். இன்னொருத்தருக்கு 5 நாள் தாண்டியும் மிச்சம் இருக்கலாம்.

பிளேட்லெட் ஒட்டுதான்னு பார்க்குற டெஸ்டை 1962-லயே குஸ்தாவ் பார்ன் கொண்டு வந்துட்டார். இன்னிக்கு சின்ன மெஷின்ல, கொஞ்சம் ரத்தத்துல, நிமிஷக் கணக்குல முடியுது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர டாக்டர்கள் 2012-ல வெளியிட்ட ஆய்வுல, டெஸ்ட் பார்த்து ஆபரேஷன் தேதி வெச்சதுல காத்திருப்பு கிட்டத்தட்ட பாதியாச்சு. ரத்தப்போக்கும் குளோபிடோக்ரல் சாப்பிடாதவங்களை விட அதிகமாகல.

"டெஸ்ட் என்ன ஜோசியமா?"ன்னு கேப்பீங்க. இல்லதான். இதய நுரையீரல் மெஷினால கசியலாம், ஒரு தையல் நழுவினாலும் கசியும். ஐரோப்பிய வழிகாட்டுதலே 2017-ல 'பரிசீலிக்கலாம்'னுதான் சொல்லுது. ஆனா காலண்டர் மட்டும் ஜோசியமா?

"செலவு"ன்னு அடுத்து வருவாங்க. ஹார்பர்லயும் காசிமேட்டுலயும் தினக்கூலிக்குப் போற குடும்பத்துக்கு, ஆஸ்பத்திரி வராண்டால கழியுற ஒவ்வொரு நாளும் செலவு இல்லியா? எங்க தெருவுல ஒருத்தருக்கு ஆபரேஷன் நாள் குறிச்சதும், ரத்தம் கொடுக்க 4 பேரைத் தேடி மச்சான் தெருத் தெருவா அலைஞ்சார். இந்த 'ஆளுக்கு ஆள்' ரத்தத்தை ஒழிக்கணும்னு 2002-லயே தேசிய ரத்தக் கொள்கை சொல்லியாச்சு. பிளேட்லெட் பை வெறும் 5 நாள்தான் தாங்கும், அதுவும் ஆட்டிக்கிட்டே இருக்கணும். அதைத் தேவையில்லாம ஏத்தினா அது செலவு இல்லியா?

முதல்வர் காப்பீட்டுத் திட்டமோ தனியார் காப்பீடோ, இந்த மாத்திரை சாப்பிட்டவருக்கு பைபாஸ்னா இந்த டெஸ்டும் அந்தப் பேக்கேஜுக்குள்ளயே இருக்கணும். தனியா பில் போடக்கூடாது.

உங்க வீட்டுலயும் பைபாஸ்னா, கவுண்ட் எவ்வளவுன்னு கேட்டதோட விடாதீங்க. வேலை செய்யுதான்னும் கேளுங்க. மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க சாமிகளா, அது டாக்டர் சொல்லணும்.

மறுப்பு இருக்குறவங்க பின்னூட்டத்துக்கு வாங்க, சண்டை போடலாம்.