ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வண்டி ஊர்கிறதா?

கேள்வி: பழைய பெட்ரோல் கார் ஒன்றில் தக்காளி, கத்தரியைச் சந்தைக்குக் கொண்டு போகிறேன். ஒரு வாரமாக நடுவழியில் இன்ஜின் விளக்கு எரிகிறது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்கிறது. நிறுத்தி எடுத்தால் சில நேரம் சரியாகிறது. திராட்டில் பாடியை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். இலை மஞ்சளானதும் யூரியா போடுகிறோமா? வேரைப் பார்த்த பிறகுதானே மருந்து!

முன்பு பெடலையும் இன்ஜினையும் கேபிள் இணைத்தது. இப்போது பல வண்டிகளில் அது இல்லை. பெடலில் உள்ள சென்சார்கள் சொல்வதைக் கேட்டு, கம்ப்யூட்டர் ஒரு சிறு மோட்டார் மூலம் காற்று வழியைத் திறக்கிறது. திராட்டில் பாடியிலும் இரண்டு சென்சார்கள் உண்டு. ஜோடி சென்சார்களின் கணக்கு ஒத்துப்போகாவிட்டால், பாதுகாப்புக்காக வேகத்தைக் குறைத்துவிடும். ஆகவே வண்டி ஊர்வதை வைத்து மட்டும் எந்தப் பாகம் கெட்டது என்று சொல்ல முடியாது.

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்:

1. பெடலுக்கு அடியில் மிதியடி சிக்கியுள்ளதா?

2. பேட்டரி முனைகளில் பூஞ்சணம், தளர்வு உள்ளதா? வண்டி ஓய்வில் இருக்கும்போது நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும்.

3. எலி! தீவன மூட்டை இருக்கும் கொட்டகையில் வண்டி நின்றால் வயர்களைக் கட்டாயம் பாருங்கள். என் காரிலும் இதே கோளாறு வந்தது. கடிபட்ட ஒரு வயரை இணைத்ததும் தீர்ந்தது.

4. பிறகு ஸ்கேனர் வைத்துக் கோடு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பி2138 என்றால் பெரும்பாலும் பெடல் பக்கம். பி2135 என்றால் திராட்டில் பக்கம். அப்போதும் வயர், பிளக் இரண்டையும் பார்த்த பிறகே பாகம்.

5. திராட்டிலில் கரி படிந்திருந்தால் சுத்தம் செய்தாலே சரியாகலாம். சாவி போட்ட நிலையில் அதற்குள் விரல் விடாதீர்கள். தகடு திடீரென மூடும்.

சரியாகும்வரை நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள். முந்தும்போது வேகம் நின்றால் உயிருக்கு ஆபத்து. சந்தைக்கு வாடகை வண்டி பிடியுங்கள். இன்றிரவே கொட்டகையில் எலிப்பொறி வையுங்கள். தீவன மூட்டையையும் இடம் மாற்றுங்கள்.