பேறுகாலக் கட்டிலும் நம் குடும்பங்களும்



நிஃபாஸ் உடைய சட்டங்கள் நம் நிஸ்வான் மதரஸாக்களில் விரிவாகவே கற்பிக்கப்படுகின்றன. அதன் உச்ச வரம்பு ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள், ஹனஃபி மத்ஹபில் 40 நாள் என்பதை ஓதும் பிள்ளைகள் உறக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் குழந்தை பிறப்பதற்கு முந்திய நாள்களைப் பற்றிய பேச்சு நம் பயான்களில் அரிது. எட்டு, ஒன்பதாம் மாதத்தில் மருத்துவமனைக் கட்டிலில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ காத்துக் கிடக்கும் பெண்ணுக்கும், அவளைச் சுற்றி நிற்கும் குடும்பத்தாருக்கும் மார்க்கம் என்ன சொல்கிறது?

முதலில் வெளிப்படையாக ஒன்று. “வலியே வரவில்லை, எதற்குப் படுக்க வைத்திருக்கிறார்கள்? எல்லாம் பில்லுக்காகத்தான்” என்னும் பேச்சு நம் வீடுகளில் மிகுதி. இந்தச் சந்தேகம் முழுவதும் ஆதாரமற்றது என்று நாம் சொல்ல மாட்டோம். தேவையற்ற சிசேரியன்கள் நடக்கின்றன. ஐயம் இருந்தால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது குடும்பத்தின் உரிமை. ஆனால் மருத்துவரின் சொல்லை மீறி, கையெழுத்துப் போட்டுவிட்டு இரவோடு இரவாக அழைத்து வந்துவிடுவது வேறு காரியம். கர்ப்பகால இரத்த அழுத்தம் உள்ள பெண், பார்ப்பதற்கு நலமாகவே இருப்பாள். சிரித்துப் பேசுவாள், சாப்பிடுவாள். கடுமையான தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவை வந்தால் அடுத்த சில மணி நேரத்தில் வலிப்பே வந்துவிடலாம். நச்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்தவாறு இருப்பவளுக்கு வலியேதும் இல்லாமல் திடீரென்று இரத்தம் பெருகலாம். இத்தகையவர்களைக் கட்டிலிலேயே வைத்துக் கண்காணிப்பதன் பொருள் இதுதான். தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிய பின் வைக்கும் நம்பிக்கை என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் நாம், வீட்டுப் பெண்ணின் விஷயத்தில் அதை மறந்துவிடலாகாது.

இதைப் போலவே, கட்டிலருகே நாம் பேசும் பேச்சு. மர்யம் (அலை) அவர்களின் பேற்று வேதனையைக் குர்ஆன் 19ஆம் அத்தியாயத்தில் எடுத்துரைக்கிறது. பேரீச்சை மரத்தின் அடியில், துணைக்கு எவருமின்றி, இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று கலங்கும் அளவுக்கு அவர்களின் நிலை இருந்தது. அந்தக் கலக்கத்துக்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. கவலை வேண்டாம் என்ற ஆறுதல் முதலில் வந்தது. பின்னர் அருகே ஓடும் நீரும், கனிந்த பேரீச்சம்பழமும் காட்டப்பட்டன. நம் பெண்கள் “பயமாக இருக்கிறது” என்று வாய் திறந்தால் உடனே “ஈமான் குறைவு” என்கிறோம். அதோடு விடாமல், இன்னாருக்குப் பேறுகாலத்தில் நேர்ந்த கதையையும் உட்கார்ந்து சொல்கிறோம். நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத். அச்சமூட்டுவது அதன் பகுதியன்று.

கணவர்களுக்கு ஒரு சொல். பத்ருப் போர் ஹிஜ்ரி 2இல் நடந்தபோது உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவியும் நபிமகளுமான ருகையா (ரலி) நோயுற்றிருந்தார்கள். மனைவிக்குப் பணிவிடை செய்வதற்காக உஸ்மான் (ரலி) மதீனாவிலேயே தங்கினார்கள். போரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் பங்கும் அவர்களுக்கு உண்டு என நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை புகாரியில் காண்கிறோம். வளைகுடாவில் வேலை செய்பவருக்கு விடுப்புக் கிடைக்காதது வேறு. உள்ளூரில் இருந்துகொண்டு, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பத்து நிமிடம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவரும், மனைவிக்கு நாள் நெருங்கிய வேளையில் 40 நாள் ஜமாஅத்துக்குப் பெயர் கொடுப்பவரும் இந்தச் செய்தியை மீண்டும் ஒருமுறை படிக்கட்டும். இப்படி எழுதுவதில் சிலருக்கு வருத்தம் இருக்கலாம். எழுதாமல் விட நமக்கு மனமில்லை.

அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கும் தருணமே மிகக் கடினமானது. மருத்துவர் காகிதத்தோடு நிற்பார். மாமனார் பள்ளிவாசலில் இருப்பார்; கணவரின் செல்பேசி துபாயில் ஒலித்துக்கொண்டிருக்கும்; மாமியாரோ “இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்” என்பார். யாருடைய உடலோ அவளிடம் மட்டும் எவரும் கேட்க மாட்டார்கள். வயதுவந்த, சுயநினைவுள்ள பெண்ணின் சிகிச்சைக்கு அவளுடைய ஒப்புதலே தேவை, அவளுக்காக மற்றவர் ஒப்புதல் தர முடியாது என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஷரீஅத்தின் பார்வையிலும் பருவமடைந்து அறிவுத்தெளிவோடு இருப்பவள் தன் காரியங்களுக்குத் தானே பொறுப்பாளி. கணவரும் பெற்றோரும் ஆலோசனை சொல்லலாம். அந்த ஆலோசனை, மருத்துவமனையில் சேர்த்த முதல் நாளே அமைதியாக நடக்கட்டும். காகிதம் வந்த பிறகு அல்ல.

பெண் மருத்துவரைத் தேடுவது நம் கடமை. முன்கூட்டியே விசாரித்து, பெண் மருத்துவர் இரவிலும் இருக்கும் இடத்தைத் தெரிவு செய்ய வேண்டும். நடுநிசியில் அவர் கிடைக்கவில்லை, உயிருக்கு ஆபத்து என்றால், ஆண் மருத்துவர் தேவையான அளவுக்குப் பார்ப்பதை நம் ஃபுகஹாக்கள் அனுமதித்தே இருக்கிறார்கள். அந்த நேரத்தில் வாசலில் நின்று தடுப்பது பேணுதல் ஆகாது. ஓதி ஊதிய நீர் கொடுப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறுவைக்கு முன் எதுவும் அருந்தக் கூடாது என்று சொல்லப்பட்ட பிறகு, ஸம்ஸம் நீராயினும் கொடுக்கலாகாது. மயக்கநிலையில் வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் அபாயம் உண்டு.

இனி தொழுகை. மருத்துவமனையில் சேர்ந்த அன்றே தொழுகையை நிறுத்திவிடும் பெண்கள் பலர். கேட்டால், “ஆஸ்பத்திரியில் எப்படித் தொழ? அதுதான் சிறிது இரத்தம் படுகிறதே” என்பார்கள். நிஃபாஸ் என்பது குழந்தை பிறந்ததைத் தொடர்ந்து வரும் இரத்தம். அதற்கு முன் கர்ப்பிணி காணும் இரத்தம் ஹனஃபி மத்ஹபில் இஸ்திஹாளா, தொழுகை நீங்காது. ஷாஃபிஈ மத்ஹபில் சில நிலைகளில் அது ஹைளாகவும் கணிக்கப்படும் என்பதால், தாமே முடிவு செய்யாமல் தம் மத்ஹபின் ஆலிமிடமோ ஆலிமாவிடமோ விவரம் சொல்லிக் கேட்க வேண்டும். நிற்க இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதற்கும் இயலாவிட்டால் படுத்தும் தொழலாம் என்பது இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றால், ஒரு கூஜாவில் நீரும் ஒரு பேசினும் கொண்டு வந்து உளூச் செய்ய உதவுவது கூட இருப்பவரின் வேலை. மாமியார் ஒருவர் மருமகளுக்குச் செய்யக்கூடிய பணிவிடைகளில் இதைவிட மேலானது குறைவு. தண்ணீர் படக் கூடாத நிலையில் தயம்மும் உண்டு. ஷாஃபிஈகள் தூசுள்ள சுத்தமான மண்ணைச் சிறு டப்பாவில் மூடி வைத்துக்கொள்ளலாம், செவிலியரிடம் சொல்லிவிட்டு.

எங்கள் வகுப்பில் இதைச் சொல்லால் மட்டும் கற்பிப்பதில்லை. உஸ்தாதாக்கள் ஒரு பிள்ளையைப் பெஞ்சில் படுக்க வைத்து, கையில் ட்ரிப்ஸ் போட்டதுபோல் துண்டைக் கட்டி, உளூவும் தொழுகையும் செய்து காட்டச் சொல்கிறார்கள். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கேள்விகள் வரத் தொடங்கும்: தலை எந்தப் பக்கம், ருகூவுக்கு எவ்வளவு குனிய வேண்டும், கட்டிலைத் திருப்ப ஆளில்லையென்றால் கிப்லாவுக்கு என்ன செய்வது. சென்ற மாதம் ஒரு பிள்ளை, உம்மாவுக்கு நாள் நெருங்கிவிட்டது, வீட்டில் காட்ட வேண்டும் என்று சொல்லி அந்தப் பாடத்தை இரண்டாம் முறை கேட்டு எழுதிக்கொண்டு போனாள்.