முதலில் சாவைத் தமிழில் சொல்லுங்கள்

சாரத்திலிருந்து விழுந்தோ, தண்டவாளத்தில் அடிபட்டோ நம்மவர் ஒருவர் மும்பை மருத்துவமனையொன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார். மருத்துவர் வந்து மூளைச்சாவு என்று இந்தியில் சொல்கிறார். அதே மூச்சில் உறுப்பு தானமும் கேட்கிறார். மனைவிக்குப் பாதிதான் புரிகிறது. மார்பு ஏறி இறங்குகிறது, உடம்பு சுடுகிறது. இதையா சாவு என்கிறார்கள்?

இதை அறியாமை என்று தள்ளுவோரை நாம் ஏற்கமாட்டோம். வில்லிவாக்கத்தில் ஏழைகளின் சிறுநீரகம் விலைபோன கதையை நம் மக்கள் மறக்கவில்லை. 2025-இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளரிடமும் அந்தத் தரகு நடந்ததாகச் செய்தி வந்ததே! அச்சத்துக்குக் காரணம் உண்டு.

ஆனால் அந்த வியாபாரம் வேறு, இந்தத் தானம் வேறு. மூளைத்தண்டு செத்தவருக்கு மூச்சு விடுவது கருவி. அதனால்தான் இதயம் இன்னும் கொஞ்சம் துடிக்கிறது. கோமாவில் கிடப்பவர் பிழைக்கலாம், இவர் மீளமாட்டார். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கூடி, ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து எழுதித் தர வேண்டும். உறுப்பு மாற்றுபவர்கள் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. குடும்பம் முடியாது என்றால் அத்தோடு சரி. சம்மதித்தால் அதற்காகும் செலவைக் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாதென்று 2014-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

2008-இல் திருக்கழுக்குன்றம் இதேந்திரனின் பெற்றோர் மகனின் உறுப்புகளைத் தந்தார்கள். அவன் இதயம் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் தமிழகத்தில் பலர் முன்வந்தனர். அந்தப் பெற்றோர் இருவருமே மருத்துவர்கள். மூளைச்சாவு என்னவென்று அவர்களுக்கு ஒருவர் வந்து விளக்க வேண்டியிருக்கவில்லை. நம் கட்டடத் தொழிலாளியின் மனைவிக்கு விளக்குவது யார்?

உறுப்பு தானத்தை நாம் ஆதரிக்கிறோம். ஆதரிப்பதனாலேயே இந்நகர மருத்துவமனைகளிடம் கேட்கிறோம்: முதலில் சாவைச் சொல்லுங்கள், அதுவும் தமிழில். அழ நேரம் கொடுங்கள். நெல்லையிலிருந்து அண்ணன் ரயிலேறியிருந்தால் தொலைபேசியிலாவது அவரோடு பேசவிடுங்கள். தானப் பேச்சு அதன் பிறகு. மொழிபெயர்க்க மேஸ்திரியையோ பில் போடும் குமாஸ்தாவையோ கூப்பிடாதீர்கள். ஒருவருக்கு நஷ்டஈட்டுக் கவலை, மற்றவருக்குப் பாக்கிக் கவலை.

மராத்தியும் இந்தியும் நன்கு பேசும் உறுப்பினர்கள் நம் சங்கத்தில் ஏராளம். இரவு எந்நேரமானாலும் மருத்துவமனைக்கு வரக்கூடியவர்கள் பெயர் கொடுங்கள். மருத்துவர் சொல்வதைத் தமிழிலும், குடும்பம் கேட்பதை மருத்துவரிடமும் சொன்னால் போதும். சம்மதம் வாங்கித் தரும் வேலை அவர்களுக்கு வேண்டாம்.