கோதை போட்ட கையெழுத்து

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவன் நான். எங்க ஊர்க்காரி ஒருத்தி திருப்பாவையின் முப்பதாவது பாசுரத்தில் தன் பேரை எழுதி வைத்துவிட்டுப் போனாள். நாச்சியார் திருமொழியிலும் பல பதிகங்களின் முடிவில் கோதை வந்து நிற்பாள். பாட்டை யார் பாடினாலும் அந்தப் பேரையும் சேர்த்தே பாடியாக வேண்டும், தப்பிக்க வழியில்லை. 2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிப் பேசிய பேச்சுக்கு எங்க ஊர் எப்படிக் கொதித்தது என்று நேரில் பார்த்தேன். ஒரு பேருக்கு அவ்வளவு பலம்.

அந்தப் பலம் வள்ளியம்மாளுக்கு ஏன் இல்லை?

வள்ளியம்மாள், அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்தவர். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' அவர் கதையிலிருந்து முளைத்தது. அமித் கிருஷ்ணன் இயக்கிய அந்த வீடியோவில் அவரும் இருக்கிறார். வெளியான வேகத்தில் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். நம்ம விமர்சகர்கள் என்ன எழுதினார்கள்? இயற்கையின் கீதம், மண்ணின் மணம், உலகப் பொதுமை. நிலமில்லாதவர்களின் கூலிக் கணக்கைக் கேட்கும் ஒப்பாரியை மரம் நடும் விழாப் பாட்டாக மாற்றிக் கொடுத்தார்கள். நாமும் ஆடினோம்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். அதே வருடம் ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேள்வி கேட்டார். அப்புறம்தான் அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் மேடையில் தீயும் கிடக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அங்கேயும் அறிவு இல்லை. பாட்டை உருவாக்கி, எழுதி, பாடியது தான் என்று அறிவு எழுதினார். இசை தன்னுடையது, மூவரின் கூட்டு உழைப்பு இது, அந்த நேரம் அறிவு அமெரிக்காவில் இருந்தார் என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். உடனே இணையம் ரெண்டு கட்சியானது. 2024 மார்ச்சில் அதே சந்தோஷ், இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்றார். உழைத்தவன் கைக்கு எதுவும் வரவில்லை என்று பாடிய பாட்டுக்கே அந்த கதி!

"கலை எல்லாருக்கும் பொதுங்க, பேருக்கு எதுக்குச் சண்டை?" என்று ஒரு கூட்டம் சொல்கிறது. பேர் ஏற்கெனவே இருக்கிறவனுக்கு இதைச் சொல்வது சுலபம். 'நாட்டுப்புறப் பாடல், ஆசிரியர் பெயர் தெரியவில்லை' என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். பல நேரம் தெரியாமல் இல்லை, யாரும் கேட்கவில்லை. ஆள் வராவிட்டால் என்ன, மேடையில் அறிவு என்று ஒருமுறை உரக்கச் சொல்ல எத்தனை நொடி ஆகும்?

ஊரைத் திட்டிவிட்டு நான் மட்டும் நழுவ முடியாது. ராஜபாளையத்தில் எங்க பெரியம்மா வீட்டுப் பக்கத்தில் ஒரு ஆச்சி இருக்கிறார். இழவு வீடுகளில் ஒப்பாரி பாடுவார். கூலி உண்டு, சில வீட்டில் சேலையும் கொடுப்பார்கள். 'எஞ்சாமி' ஓடிக்கொண்டிருந்த சமயம் அவர் பாடியதை செல்போனில் எடுத்து இன்ஸ்டாவில் போட்டேன். 'எங்க மண்ணின் குரல்' என்று தலைப்பு. நல்லா ஓடியது. ஆச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏய்யா, இதுல எம் பேரு எங்க இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. உன் பேரைத்தான் போட்டிருந்தேன் ஆச்சி என்று பொய் சொல்லவும் முடியவில்லை. என் பேர் மட்டும்தான் மேலே பளிச்சென்று இருந்தது.

கோதை அன்றைக்கே உஷாராக இருந்தாள். அவள் பாட்டை எழுதிவைக்க ஆள் இருந்தது, காப்பாற்றக் கோயில் இருந்தது. இழவு வீட்டில் பாடுகிறவளுக்கு நீங்களும் நானும்தான் இருக்கிறோம், கையில் போனோடு. அடுத்த முறை ஒரு பாட்டைப் பகிரும்போது அதை எழுதியது யார், முதலில் அழுதது யார் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அதைக்கூடச் செய்ய முடியாது என்றால் மண்ணு, வேரு என்று பேசாதீர்கள்.